தேய்ந்தால் காது சொல்லும்: பழைய இயந்திரங்களுக்கு உதிரிபாகம் செய்வது பற்றி ஒரு பாடம்

போன செமஸ்டர் லீவில் நானும் என் ரூம்மேட்டும் ஒரு சின்ன வியாபாரம் ஆரம்பித்தோம். வியாபாரம் என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். விற்றது கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் முளை. ஆனால் நாலு வருஷ மெக்கானிக்கலில் படிக்க வேண்டியதில் பாதியை அந்த முளை சொல்லிக்கொடுத்துவிட்டது. எங்களை மாதிரி 3டி பிரிண்டரைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும் ஜூனியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் அமெரிக்கா போய் வந்துவிடுவோம். பின்பால் மெஷின் பார்த்திருப்பீர்கள், நேரில் இல்லாவிட்டாலும் படத்தில். சாய்ந்த கண்ணாடி மேஜை, உள்ளே ஓடும் இரும்புக் குண்டு, இரண்டு பக்கமும் அதை அடிக்கும் துடுப்பு. சிகாகோ நகரம்தான் இதற்குத் தலைநகரம். 1996-ல் காட்லீப் மெஷின்களைச் செய்த கம்பெனி மூடியது. 1999-ல் வில்லியம்ஸ் நிறுவனமும் பின்பால் தயாரிப்பை நிறுத்தியது. கம்பெனி போனாலும் மெஷின்கள் போகவில்லை, ஆயிரக்கணக்கில் வீடுகளிலும் கடைகளிலும் இருந்தன. ரப்பர் வளையம் வெடிக்கும், பிளாஸ்டிக் உடையும், சர்க்யூட் போர்டு கருகும். பாகம் எங்கே வாங்குவது? ஆர்வக்காரர்கள் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். வீட்டு கராஜில் பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி, வெற்றிடத்தில் இழுத்து, குண்டு ஓடும் சரிவுப் பாதை செய்தார்கள். பழைய போர்டுக்குப் பதிலாகப் புது போர்டு வரைந்தார்கள். தனக்கு ஒன்று செய்தவர் பத்தாகச் செய்து மற்றவர்களுக்கு விற்றார். அந்த மெஷின்கள் இன்றும் ஓடுவதில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

காஞ்சிபுரத்தில் பின்பால் கிடையாது. ஆனால் அதே நிலைமையில் ஒரு மெஷின் தெருவுக்குத் தெரு இருக்கிறது. தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டி.

பெட்டி எப்படி வேலை செய்கிறது?

கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிட வேண்டாம், இது உங்கள் கொள்ளுத்தாத்தா கதை. 1804-ல் பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு இந்த முறையைக் கொண்டுவந்தார். 1830-களில் சார்லஸ் பாபேஜ் தன் பகுப்பாய்வு இயந்திரத்துக்கு ஓட்டை அட்டை வைக்க நினைத்தது இதைப் பார்த்துத்தான்.

பெட்டிக்குள் கொக்கிகள் செங்குத்தாக வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கொக்கிக்கும் குறுக்கே ஒரு ஊசி. ஊசிகளின் முனைகளுக்கு எதிரே ஒரு சதுர உருளை, அதன் மேல் ஓட்டை போட்ட அட்டை. உருளை வந்து ஊசிகள்மேல் மோதும். அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி அதற்குள் போய்விடும், கொக்கி அசையாது, மேலே எழும் இரும்புப் பட்டை அதைத் தூக்கும், அதில் கட்டியிருக்கும் பாவு இழையும் எழும். ஓட்டை இல்லையென்றால் அட்டை ஊசியைத் தள்ளும், கொக்கி பட்டையிலிருந்து விலகும், இழை கீழேயே கிடக்கும். ஒரு ஊடை போட்டதும் உருளை கால் சுற்று திரும்பி அடுத்த அட்டையைக் கொண்டுவரும். இப்படி அட்டை அட்டையாகத்தான் கரையில் மயிலும் முந்தானையில் மாங்காயும் வருகின்றன.

இப்போது கேள்வி. அட்டையின் ஓட்டையும் உருளையின் ஓட்டையும் ஊசியும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். அட்டையை அந்த இடத்தில் பிடித்து வைப்பது எது? உருளையின் ஒவ்வொரு முகத்திலும் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முளைகள். நாலு முகம், எட்டு முளை. ஆயிரக்கணக்கான தடவை அட்டை ஏறி இறங்குவதால் முளை தேயும். தேய்ந்தால் அட்டை ஆடும். ஆடினால் ஓட்டைக்குள் போக வேண்டிய ஊசி விளிம்பில் இடிக்கும், எழ வேண்டிய இழை எழாது, ஜரிகைப் பூவில் பல் விழும்.

பாடம் 1: எந்தப் பாகத்தை எடுப்பது

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருக்கோடி வீட்டில் ஒரு தறி உண்டு. அந்தப் பெரியப்பாவுக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். "ஏம்பா, காலேஜ்ல என்னமோ மெஷின் வச்சு அச்சடிக்கிறீங்களாமே, இதைச் செஞ்சு தர முடியுமா?" என்று ஒரு தேய்ந்த மர முளையைக் கையில் வைத்தார். அவருடைய பெட்டியைச் செய்தவர் இப்போது அந்தத் தொழிலில் இல்லை. தெரிந்த தச்சர் ஒருவர்தான் முளை கடைந்து கொடுப்பார், அவருக்கும் கண் மங்கிவிட்டது.

எங்களுக்கு அப்போது தெரியாத விஷயம், அவர் சரியான பாகத்தைத்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தார். ஆர்வக்காரன் எடுக்க வேண்டிய பாகத்துக்கு மூன்று குணம் இருக்க வேண்டும். சின்னதாக இருக்க வேண்டும், அடிக்கடி தேய வேண்டும், தறியைப் பிரிக்காமல் மாற்ற முடிய வேண்டும். கொக்கி, ஊசி மாதிரி கம்பி வேலையை அதற்கென்று மெஷின் வைத்திருப்பவர்கள் நம்மைவிட மலிவாகச் செய்வார்கள். உருளை முழுவதையும் செய்யப் போனால் ஓட்டைகளின் இடைவெளி ஒவ்வொன்றும் பிசகக்கூடாது. அது இரண்டாம் வருஷ வேலை, முதல் மாத வேலை அல்ல.

பாடம் 2: தேய்ந்ததை அளக்காதே, தேயாத இடத்தை அள

வெர்னியர் வைத்து முளையின் நடுவில் அளந்தோம். 7.1 மி.மீ. அப்படியே கேட் மாடல் வரையப் போனோம். எங்கள் ஒர்க்‌ஷாப் அண்ணன் தலையில் தட்டினார். "தேஞ்சு போன செருப்பை அளந்து புதுச் செருப்பு தைப்பியாடா?"

நாம் கையில் வைத்திருப்பது பாகம் அல்ல, பாகத்தின் மிச்சம். எனவே அட்டை தொடாத இடத்தைத் தேட வேண்டும். முளையின் அடிப்பகுதியில், அட்டைக்கும் உருளைக்கும் இடையே ஒளிந்திருந்த ஓரத்தில் அளந்தால் 7.8 வந்தது. பிறகு அதோடு பொருந்தும் ஜோடிப் பாகத்தை அளந்தோம். புது அட்டை ஒன்றில் முளைக்கான ஓட்டை 8.0. ஆக, முதலில் இருந்த இடைவெளி 0.2 மி.மீ., இப்போது 0.9. வியாதி என்ன என்பது இந்த இரண்டு எண்ணிலேயே தெரிந்துவிட்டது.

எட்டு முளையையும் அளக்க வேண்டும், ஒன்றை அல்ல. எட்டில் இரண்டு ஏற்கெனவே யாரோ மாற்றியவை, அளவே வேறு. அடுத்த வீட்டுப் பெட்டியிலும் இதே அளவுதான் இருக்கும் என்று நினைப்பது பெரிய தப்பு. உலகத்தில் ஜக்கார்டு ஊசி இடைவெளிக்கே இங்கிலீஷ், வின்சென்சி, வெர்டால் என்று பல அளவுமுறைகள் உண்டு. நம் ஊரில் உள்ளூர்ப் பட்டறைகள் செய்த பெட்டிகளில் அளவு இன்னும் மாறும். நாங்கள் பார்த்த முதல் ஐந்து பெட்டிகளில் முளை மூன்று அளவில் இருந்தது.

பாடம் 3: எப்படி உடைய வேண்டும் என்பதையும் வடிவமைக்க வேண்டும்

இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியப் பாடம். எங்களுக்கு வெட்கமான பாடமும் இதுதான்.

முதல் செட்டை பி.எல்.ஏ.-வில் பிரிண்ட் எடுத்தோம். பார்க்க அழகாக, மஞ்சள் கலரில். மாட்டியதும் கரை சுத்தமாக வந்தது. பெரியம்மா காபி கொடுத்தார்கள். எட்டு நாள் தறி நன்றாக ஓடியது. ஒன்பதாம் நாள் ஒரு முளை அடியோடு உடைந்தது. அட்டை ஒரு பக்கம் சரிந்தது. நாலு முகத்தில் ஒரு முகம்தான் தப்பு என்பதால் பூ மொத்தமாகக் கலையவில்லை, நாலு ஊடைக்கு ஒரு ஊடை மட்டும் பிசகியது. பெரியப்பா கவனிப்பதற்குள் மூன்று விரற்கடை நெய்தாகிவிட்டது.

அந்த மூன்று விரற்கடையையும் ஊடை ஊடையாகப் பிரித்தார். பிரித்த ஜரிகை திரும்ப உதவாது. பாவு இழை அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும், முடிச்சு தெரிந்தால் சேலையை வாங்குபவர் கூலியில் பிடிப்பார். ஒன்றரை நாள் போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் திண்ணையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் திட்டவில்லை. இவ்வளவுதான் சொன்னார்: "மரமா இருந்தப்போ தேஞ்சுது தம்பி, உடையல. தேஞ்சா காது சொல்லும், அட்டை விழற சத்தம் மாறும். உடைஞ்சா துணிதான் சொல்லும்."

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. பாகம் என்றைக்காவது போகத்தான் போகும். எச்சரித்துவிட்டுப் போகிறதா, எச்சரிக்காமல் போகிறதா என்பதுதான் கேள்வி.

ஏன் உடைந்தது? 3டி பிரிண்ட் என்பது அடுக்கு அடுக்காக வைத்தது. நிற்கவைத்துப் பிரிண்ட் எடுத்தால் அடுக்குகள் முளைக்குக் குறுக்கே வரும், பக்கவாட்டில் அடி விழுந்தால் அடுக்குக்கு நடுவே பிளக்கும். படுக்கவைத்து எடுத்தால் பலம் கூடும், ஆனால் வட்டம் வட்டமாக வராது. பி.எல்.ஏ. 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகிவிடும், அதற்குக் கீழேயே தொடர்ந்து அழுத்தம் இருந்தால் மெல்ல வளையும். மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, கூரையை ஒட்டி இருக்கும் பெட்டிக்கு அது ஏற்ற சரக்கு அல்ல.

அப்படியானால் பித்தளை? ஒருவர் அதைத்தான் சொன்னார். பித்தளை முளை தேயாது, சரி. ஆனால் அது தேயாவிட்டால் அட்டையின் ஓட்டை கிழியும். ஒரு டிசைனுக்கு நூற்றுக்கணக்கான அட்டை. எட்டு முளையைக் காப்பாற்ற அத்தனை அட்டையையும் பலி கொடுப்பதா? இரண்டு பாகம் உரசினால், மலிவானதும் மாற்றச் சுலபமானதும்தான் முதலில் தேய வேண்டும். பின்பால் மெஷினிலும் இதே கதைதான். துடுப்பை இழுக்கும் காயிலுக்குள் இரும்புத் தண்டு நேரடியாக உரசாமல் நடுவே ஒரு பிளாஸ்டிக் குழாய் போட்டிருப்பார்கள். அந்தக் குழாய் தேய்வதற்காகவே பிறந்தது.

கடைசியில் டெல்ரின் கம்பியை எடுத்து லேத்தில் கடைந்தோம். வழுக்கும் தன்மை உண்டு, அடுக்கு கிடையாது, மழைக்காலத்தில் நைலான் மாதிரி ஈரம் குடித்து ஊதாது. 3டி பிரிண்டர் வீண் போகவில்லை. அளவு சரியா என்று பார்க்கும் மாதிரிக்கு அதைவிட நல்லது இல்லை. மாதிரிக்கு ஒரு முறை, விற்பதற்கு ஒரு முறை, இரண்டையும் குழப்பக்கூடாது.

பெரியப்பா சொன்னதை டிசைனிலேயே சேர்த்தோம். முளையின் உடம்பைச் சுற்றி 0.2 மி.மீ. ஆழத்தில் ஒரு கோடு வெட்டினோம். தேய்ந்து தேய்ந்து அந்தக் கோடு மறைந்தால், விட்டம் 7.8-லிருந்து 7.4-க்கு வந்துவிட்டது என்று அர்த்தம். மாற்ற வேண்டிய நேரம். கார் டயரில் தேய்மானம் காட்டும் கட்டை மாதிரிதான். காது கேட்காதவர்களுக்கும் இப்போது கண் சொல்லும்.

பாடம் 4: அடுத்தவர் சேலை உங்கள் லேப் அல்ல

இரண்டாவது தடவை நாங்களே விதி போட்டுக்கொண்டோம். ஒரு சேலை முடிந்து அடுத்த சேலை தொடங்கும் இடைவெளியில் மட்டும்தான் பாகம் மாற்றுவது. கழற்றிய பழைய முளைகளை ஒரு டப்பாவில் போட்டுத் தறிக்காரர் வீட்டிலேயே வைப்பது, எங்களுடையது சொதப்பினால் அவரே பத்து நிமிஷத்தில் பழையதை மாட்டிக்கொள்ளலாம். ஊடை போடாமல் அட்டைச் சங்கிலி முழுவதையும் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது. மூன்றாம் நாள், பத்தாம் நாள், முப்பதாம் நாள் போய் அளந்து நோட்டில் எழுதுவது. எந்த வீடு, எந்தப் பெட்டி, எந்த முகம், எவ்வளவு தேய்ந்தது. எங்களிடம் இருக்கும் சொத்து அந்த நோட்டுதான், கேட் ஃபைல் இல்லை.

பாடம் 5: விலை

முதல் நல்ல செட்டின் கணக்கைத் திறந்தே சொல்கிறேன். எட்டு வேண்டும் என்றால் பத்து கடைய வேண்டும், இரண்டு கழிவு. சரக்கு ஒன்றுக்கு 5 ரூபாய், லேத் பட்டறைக் கூலி ஒன்றுக்கு 40 ரூபாய், ஆக 450. காலேஜ் லேத்தில் மாதிரி மட்டும்தான் செய்தோம். விற்பதற்குக் காலேஜ் மெஷினைத் தொடக்கூடாது, கேட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் 60. மொத்தம் 510. பரிதாபப்பட்டு 300 ரூபாய்க்குக் கொடுத்தோம்.

நல்ல மனசு என்று நினைத்தோம். அடுத்த வீட்டுக்காரர் வந்து கேட்டபோது பையில் காசு இல்லை. அப்போதுதான் புரிந்தது, நஷ்டத்தில் விற்பவன் சீக்கிரம் காணாமல் போவான், அவனை நம்பி மாற்றின தறி மறுபடியும் அநாதையாகும். பட்டறையில் ஒரே அளவில் நூறு கடையச் சொன்னால் கூலி ஒன்றுக்கு 22 ரூபாயாக இறங்கியது. எட்டு முளை 216, கூடவே இரண்டு உபரி முளை 54, பெட்ரோல் 60, மொத்தம் 330. விலை 450. தறி ஒரு நாள் நின்றால் ஆகும் நஷ்டத்தோடு ஒப்பிட்டுத்தான் தறிக்காரர் இதைப் பார்க்கிறார், பிளாஸ்டிக்கின் எடையோடு அல்ல. உபரி முளை இரண்டும் இலவசம் அல்ல, ராத்திரி பத்து மணிக்கு எங்களுக்கு போன் வராமல் இருப்பதற்கான விலை.

பாடம் 6: சட்டம் கொஞ்சம்

"அடுத்த கம்பெனி பாகத்தைக் காப்பியடிக்கலாமா?" என்று கேட்பார்கள். நம் நாட்டில் பேடன்ட் 20 வருஷம். பதிவு செய்த டிசைனுக்கு 2000-ம் ஆண்டுச் சட்டப்படி 10 வருஷம், புதுப்பித்தால் இன்னும் 5. இருநூறு வருஷப் பழைய முறையில் ஓடும் பெட்டியின் முளைக்கு இவை பொதுவாகத் தடையாகாது. ஆனால் யாரோ சமீபத்தில் செய்த மின்னணு ஜக்கார்டின் பாகம் என்றால் முதலில் தேடிப் பார்க்க வேண்டும். கம்பெனியின் பெயரையும் முத்திரையையும் உங்கள் பாகத்தில் பொறிக்கக்கூடாது. "இன்ன பெட்டிக்குப் பொருந்தும்" என்று உண்மையாகச் சொல்வதற்கு, தேவையான அளவுக்கு, டிரேட் மார்க் சட்டத்தின் 30-வது பிரிவு இடம் கொடுக்கிறது. அட்டையின் டிசைனை மட்டும் யார் கேட்டாலும் நகல் எடுத்துக் கொடுக்காதீர்கள். அது இன்னொருவர் சாப்பாடு.

கடைசியாக

இதெல்லாம் பெரிய கண்டுபிடிப்பா என்று கேட்டால் இல்லை. பெரியது வேண்டுமென்றால் தெலங்கானாவின் ஆலேரைப் பாருங்கள். அங்கே போச்சம்பள்ளி பாணிச் சேலைக்கு நூலைக் கட்டைகளில் மாற்றி மாற்றிச் சுற்றும் 'ஆசு' என்ற வேலை உண்டு. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான தடவை கை போய் வர வேண்டும். அம்மாவின் தோள் வலியைப் பார்த்த சிந்தகிந்தி மல்லேசம், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், பல வருஷம் முயன்று 1999-ல் அதற்கு மெஷின் செய்து முடித்தார். அம்மா பெயரையே வைத்தார், லட்சுமி ஆசு மெஷின். 2017-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரிடம் டிகிரி இல்லை, ஆனால் எந்த இடத்தில் வலிக்கிறது என்பது தெரிந்திருந்தது.

நமக்கு டிகிரி கிடைக்கப் போகிறது. ஒரகடத்தில் வேலையும் கிடைக்கலாம். அதற்கு நடுவே நம் ஊரில் ஒரு தறிக்குப் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்து பாருங்கள். பேச வேண்டாம், சத்தத்தை மட்டும் கேளுங்கள்.

போன வாரம் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். ஏழு மாசம் ஆகிறது, கோடு இன்னும் பாதி தெரிகிறது. "மாத்தட்டுமா பெரியப்பா?" என்றேன். "இருக்கட்டும்டா, சொல்லும்போது மாத்திக்கலாம்" என்றார். உபரி முளை இரண்டும் சாமி படத்துக்குக் கீழே, திருநீற்று டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தன.